பதுளைப் பாதையில் ஆறு நாள்: மலைக்குள் வேகப் பாதை போட நிலம் என்ன கேட்கும்?

முதல் நாள்: கோட்டை – ரம்புக்கனை

பதுளைக்குப் போகும் விடியற்காலை வண்டி கோட்டையை விட்டு மருதானையைத் தாண்டும்போது இன்னும் முழுசாக வெளிச்சம் வரவில்லை. சுமார் 290 கிலோமீற்றர் தூரம், ஒன்பது பத்து மணித்தியாலம். ஜப்பான், சீனா மாதிரி இங்கேயும் ஒரு வேக வண்டி விட்டால் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாமே என்ற பேச்சு இந்தப் பெட்டிகளில் எழாத நாளில்லை. அந்தப் பேச்சை மதித்துத்தான் இந்தப் பயணம். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து இறங்கி இறங்கிப் போகிறோம். மணிக்கு 250 கிலோமீற்றரில் வண்டி ஓட வேண்டுமென்றால் அந்தந்த இடத்து நிலம் என்ன கேட்கும் என்பதை அன்றன்று எழுதுவோம்.

பழைய பாதை ஒரே மூச்சில் போட்டதில்லை. 1864இல் அம்பேபுஸ்ஸ, 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. முழுசாக அறுபது வருடம். தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர். உலகத்தின் வேகப் பாதைகளில் பெரும்பாலானவை 1,435 மில்லிமீற்றர். இடைவெளி அகலம் என்பதால் வேகம் கூடிவிடாது. வேகத்தைத் தீர்மானிப்பவை வேறு.

இன்று பார்த்த நிலம் தட்டை. தட்டை என்றால் சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. களனி ஆற்றைச் சுற்றிய தாழ்நிலத்தில் பல இடங்களில் கரி நிறத்தில் ஊறிய மக்கு மண் இருக்கிறது. இதே மண்ணில்தான் 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதியைப் போட்டார்கள். மண்ணைப் பலப்படுத்தி, மேலே பாரம் ஏற்றி, நீர் பிதுங்கி இறங்கும்வரை காத்திருந்துதான் தார் போட முடிந்தது. வீதி கொஞ்சம் இறங்கினால் மேலே இன்னொரு படை தார் போடலாம். வேகப் பாதையில் அந்தச் சலுகை இல்லை. சல்லிக்கல்லுக்குப் பதில் கொங்கிறீற்றுப் பலகைமேல் தண்டவாளத்தைப் பூட்டும்போது, வேலை முடிந்த பிறகு அடிநிலம் 15 மில்லிமீற்றருக்குமேல் இறங்கக் கூடாது என்பது சீனாவில் வைத்திருக்கும் அளவு. ஒரு விரல் தடிப்பு, அவ்வளவுதான். அதனால் அணை, அதாவது பாதையைத் தாங்க உயர்த்திய மண்மேடு, கட்டி முடித்ததும் பலகை போட மாட்டார்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல் அளவுகோல் நட்டு, இறக்கம் நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள்.

அணையும் பாலமும் சேரும் இடம்தான் மிக மோசம். பாலம் இறங்காது, அணை இறங்கும், சக்கரம் அந்தப் படியில் குதிக்கும். அங்கே ஏறத்தாழ 20 மீற்றர் நீளத்துக்கு, சீமெந்து கலந்த சல்லியை ஆப்பு வடிவத்தில் படிப்படியாக நிரப்பி, கெட்டித்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். மக்கு மண் ஆழமாக இருந்தால் அணையை மறந்துவிட்டுத் தூண்மேல் போவதே மலிவு. சீனாவில் இதற்கு 32 மீற்றர் நீள, சுமார் 900 தொன் எடைப் பெட்டி உத்தரங்களைத் தொழிற்சாலைபோல் ஒரே இடத்தில் வார்த்து, ஏற்கெனவே வைத்த உத்தரங்களின் மேலேயே உருட்டிக்கொண்டுபோய் அடுத்ததை இறக்குகிறார்கள். கோட்டையிலிருந்து கம்பஹா தாண்டும்வரை அதைத்தான் நாங்களும் சொல்வோம்.

ரம்புக்கனையில் இறங்கிவிட்டோம். இரட்டைப் பாதை இதுவரைதான். இதற்குமேல் மலை.

இரண்டாம் நாள்: ரம்புக்கனை – கடுகண்ணாவை

ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் 420 மீற்றருக்கும் மேல் ஏற வேண்டிய துண்டு இது. ஏற்றம் 44 அல்லது 45க்கு 1. அதாவது ஆயிரம் மீற்றர் ஓடினால் 22, 23 மீற்றர் உயர்வு. மலைநாட்டுப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளுக்கு ஆரம் 5 செயின், சுமார் 100 மீற்றர்.

பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி ஒன்று உண்டு. ஏற்றத்தைப் பொறுத்தமட்டில் வேகப் பாதை நம் பாதையைவிடச் செங்குத்தாகவே போகலாம். 1981இல் திறந்த பாரிஸ்–லியோன் பாதையில் ஆயிரத்துக்கு 35. 2002இல் திறந்த கொலோன்–பிராங்பேர்ட் பாதையில் ஆயிரத்துக்கு 40, அதாவது 25க்கு 1. நம் வண்டியை முன்னால் ஒரே எஞ்சின் இழுக்கிறது. அதன் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் இழுவை. ஈரமும் இலைச் சாறும் படிந்த தண்டவாளத்தில் அந்தப் பிடிப்பு விட்டுப்போய்ச் சக்கரம் வெறுமனே சுழலும். எஞ்சினில் மணல் பெட்டி இருப்பது அதற்காகத்தான். புதிய வண்டிகளில் மோட்டார் பல பெட்டிகளுக்கும் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் எடையில் பாதியோ அதற்குமேலோ இழுக்கும் அச்சுகளின்மேல் இருக்கும்.

அதற்கு விலை மின்சாரம். 400 தொன் வண்டி ஒன்று ஆயிரத்துக்கு 35 ஏற்றத்தில் மணிக்கு 200 கிலோமீற்றரில் போக, ஏற்றத்துக்கு மட்டும் 7.6 மெகாவற் வேண்டும். காற்றுத் தடை தனிக் கணக்கு. டீசலில் அந்தச் சக்தியைச் சுமந்துகொண்டு ஏற முடியாது, ஆகவே 25 கிலோவோல்ட் கம்பி. இறக்கத்திலும் அதே பிரச்சினைதான், தலைகீழாக. அதே வண்டி 430 மீற்றர் இறங்கும்போது சுமார் 470 கிலோவற் மணி சக்தி வெளிப்படும். அதைப் பிரேக் தகட்டில் சூடாக்கித் தொலைத்தால் தகடு வெடிக்கும். மோட்டாரை மின்பிறப்பாக்கியாக மாற்றிக் கம்பிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு வண்டியோ மின்வலையமைப்போ தயாராக இருக்க வேண்டும்.

ஆக ஏற்றம் சமாளிக்கக் கூடியது. சமாளிக்க முடியாதது வளைவு.

பலன பக்கத்து வளைவொன்றில் பாதையோரமாக நின்று தண்டவாளத்தைப் பார்த்தோம். வெளித் தண்டவாளத்தின் உட்கன்னம் கண்ணாடி மாதிரித் தேய்ந்து மினுங்குகிறது. சக்கரத்தின் விளிம்பு வருடக் கணக்காக உரசிய தடம். உள் தண்டவாளத்தின் தலை கொஞ்சம் நசுங்கிப் பரந்திருக்கிறது. அடியில், சல்லிக்கல்லின்மேல், மெல்லிய இரும்புத்தூள் துருவேறிச் செம்மண்போல் கிடக்கிறது. வண்டி வந்தபோது வளைவு முழுவதும் கீச்சென்ற சத்தம். மணிக்கு 30 கிலோமீற்றருக்கே இந்தத் தேய்மானம்.

காரணம் எளிய கணக்கு. வளைவில் வண்டி வெளியே சாயாமலிருக்க வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவார்கள். பாதைக்காரர்கள் இதைக் கேன்ட் என்பார்கள். வேண்டிய உயரம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்து, நம் அகலப் பாதைக்கு 13.8ஆல் பெருக்கினால் மில்லிமீற்றரில் வரும். 100 மீற்றர் ஆரத்தில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு 124 மில்லிமீற்றர். அதே வளைவில் 60 என்றால் 496. அவ்வளவு உயர்த்தினால் நிற்கும் வண்டி உள்பக்கம் கவிழும் ஆபத்து உண்டு. 1,435 மில்லிமீற்றர் பாதைக்குப் பெருக்கும் எண் 11.8. மணிக்கு 250க்கு ஆரம் 3,500 மீற்றர் கொடுத்தால் 211 மில்லிமீற்றர் வரும். அதில் 140ஐ உயர்த்தலாகக் கொடுத்து, மீதி 70ஐப் பயணி தன் உடம்பில் லேசான சாய்வாகத் தாங்கிக்கொள்ள விடுவார்கள். அந்த 140ஐத் திடீரென்று கொடுக்கவும் முடியாது. விநாடிக்கு 35 மில்லிமீற்றர் என்று வைத்தால் நான்கு விநாடி வேண்டும். அந்த நான்கு விநாடியில் வண்டி 278 மீற்றர் ஓடிவிடும். வளைவு தொடங்குமுன் ஒரு பக்கம், முடிந்தபின் ஒரு பக்கம் என்று அத்தனை நீளத்துக்கு இணைப்பு வளைவு.

100 மீற்றர் ஆரம் மலையின் மடிப்போடு ஒட்டிப் போகும். 3,500 மீற்றர் ஆரம் எந்த மடிப்புக்கும் வளையாது. நேரே மலைக்குள் புகும், நேரே பள்ளத்தாக்கின்மேல் பாயும். வேகத்தைக் கூட்டினால் ஆரம் கூடும், ஆரம் கூடினால் சுரங்கம் கூடும். இத்தாலியில் 2009இல் திறந்த பொலோனியா–புளோரன்ஸ் வேகப் பாதை சுமார் 78 கிலோமீற்றர், அதில் 73 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள்ளே. அந்தச் சுரங்கங்களைப் பற்றி ஐந்தாம் நாள் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள்: நாவலப்பிட்டி – வட்டவளை – அட்டன்

பேராதனைச் சந்தியில் கண்டிக் கிளை பிரிகிறது. நாவலப்பிட்டி தாண்டியதும் காற்றே மாறிவிட்டது. வட்டவளை நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மலையின் பாறைக்குமேல் உக்கிய பாறையும் பழைய சரிவுகளில் உருண்டு வந்த மண்ணும் கல்லும் பல மீற்றர் தடிப்பில் கிடக்கின்றன. அதன்மேல் தேயிலை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள், பாதை.

இங்கே 1990களில் பாதையையே தள்ளிக்கொண்டு நகர்ந்த ஒரு பெரிய மண்சரிவு இருந்தது. அதை நிறுத்திய விதம் படிக்கத் தக்கது. அடிவாரத்தில் பெரிய சுவர் எழுப்பி மலையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. சரியும் மண்ணுக்குக் கீழே திசை திருப்பித் துளையிடும் முறையில் நீண்ட வடிகால் துளைகள் போட்டு, உள்ளே தேங்கிய நீரை வெளியே ஓட விட்டார்கள். மண்ணின் துகள்களுக்கிடையே நீர் அழுத்தம் ஏறும்போது துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விடுகிறது. நீரை இறக்கினால் பிடி திரும்புகிறது. பாதையைப் பார்த்து நடப்பவர்கள் வடிகாலில் முதலில் கவனிப்பது நீரின் அளவைவிட அதன் நிறத்தைத்தான். தெளிந்த நீர் வந்தால் வடிகால் வேலை செய்கிறது. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. மழையில் திடீரென்று நின்றுபோனால் அது எல்லாவற்றையும்விட ஆபத்து: துளை அடைபட்டு, உள்ளே நீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

வேகப் பாதை இந்தச் சரிவைச் சுரங்கத்தால் தவிர்த்துவிடலாம். ஆனால் சுரங்கத்துக்கு வாய் வேண்டும், வாய் திறக்கிற இடம் பெரும்பாலும் இதே மண்தான். உலகம் முழுவதும் சுரங்கத்தின் நடுப்பகுதியைவிட முதல் 50 மீற்றர் அதிக மண்டையிடி கொடுப்பது இதனாலேயே. செய்யும் ஒழுங்கு இப்படி: முதலில் வாய்க்கு மேலே உச்சிக் கான் வெட்டி மழைநீரைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் சரிவைத் தொடலாம். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் இரும்பு ஆணியும் தெளிப்புக் கொங்கிறீற்றும் போட்டுக் கட்டிய பின்னரே அடுத்த படி. பிறகு சுரங்கத்தின் கூரை வளைவை ஒட்டிக் குடை விரித்தாற்போல் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் குழாய்களை 12 முதல் 15 மீற்றர் நீளத்துக்கு முன்னோக்கி அடித்து, உள்ளே சீமெந்துப் பால் ஏற்றுவார்கள். அந்தக் குடையின் கீழ் மீற்றர் மீற்றராகத் தோண்டி, உடனுக்குடன் வளைவுச் சட்டம் நிறுத்த வேண்டும். ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டு மழைக்கு முன் வாயைத் திறந்துவிடலாம் என்று உச்சிக் கானை விட்டுவிட்டுப் போனால், அந்த மழையிலேயே வாய் மூடிக்கொள்ளும்.

அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம். 562 மீற்றர், இந்தப் பாதையில் மிக நீளமானது. வண்டி உள்ளே போனதும் பிள்ளைகள் கூச்சல் போடுவது இன்றும் மாறவில்லை.

உள்ளே நல்ல பாறை வந்துவிட்டால் வேலை ஒரு சுற்றாக ஓடும். இரட்டைப் பாதை வேகச் சுரங்கத்தின் குறுக்குப் பரப்பு 90 முதல் 100 சதுர மீற்றர். சார்னோகைற், நைஸ் போன்ற நம் மலைநாட்டுக் கடும் பாறையில் முகம், அதாவது தோண்டிக்கொண்டிருக்கும் பாறைச் சுவர், முழுக்க நூறுக்கும் மேல் துளை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு மீற்றர் ஆழம். நடுவில் உள்ள துளைகள் முதலில் வெடித்து வெற்றிடம் உண்டாக்க, சுற்றியுள்ளவை மில்லிசெக்கன் இடைவெளியில் அந்த வெற்றிடத்தை நோக்கி வெடிக்க வேண்டும். வரிசை பிசகினால் பாறை உடையாமல் அடைபட்டு நிற்கும், அல்லது ஓரம் மிகையாக உடையும். மிகையாக உடைந்ததையெல்லாம் கொங்கிறீற்றால்தான் நிரப்ப வேண்டும். வெடித்த பின் புகை வெளியேற அரை மணி நேரமாவது யாரும் உள்ளே போகக் கூடாது. பிறகு தொங்கும் கல்லைத் தட்டி இறக்கி, உடைந்ததை அள்ளி, கொங்கிறீற்றுத் தெளித்து, பாறை ஆணி அடித்து, அடுத்த சுற்றுக்கு முகத்தில் குறி போடுவது.

ஒரு சுற்றுக்கு 3.5 மீற்றர், பரப்பு 95 என்றால் 330 கன மீற்றர் கெட்டிப் பாறை. உடைந்ததும் ஊதி 530 கன மீற்றராகும். 10 கன மீற்றர் கொள்ளும் டிப்பர் லொறிக்கு 53 நடை. ஒரு நாளில் இரண்டு சுற்று என்றால் நூறு நடைக்கு மேல், ஒரு முகத்துக்கு மட்டும். தேயிலைத் தோட்டத்து வீதியில் நாளுக்கு நூறு லொறி ஏறி இறங்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். கல்லை எங்கே கொட்டுவது என்பது சுரங்கம் தொடங்குமுன் தீர வேண்டிய கேள்வி. பள்ளத்தாக்கில் தள்ளினால் ஓடை அடைபடும், அடுத்த பெருமழையில் அந்தக் கல்மேடே கீழே உள்ள லயன்களின்மேல் இறங்கும். சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் அடிச் சுரங்கத்தில் 28.2 மில்லியன் தொன் கல் வந்தது. நல்ல பாறையை அங்கேயே நொறுக்கிச் சுரங்கத்தின் கொங்கிறீற்றுக்கே பாவித்தார்கள்.

நான்காம் நாள்: நானுஓயா – பட்டிப்பொல – அப்புத்தளை

இன்று குளிர். எழுத அதிகமில்லை, ஆனால் ஒன்றைக் கண் நிறையப் பார்த்தோம்.

சின்ன நிலையமொன்றில் வண்டி மெதுவாக உள்ளே வருகிறது. எஞ்சின் கதவருகே உதவியாளர் ஒரு வளையத்தை நீட்டிப் பிடித்திருக்கிறார். பிரம்பு வளையம், அதன் அடியில் தோல் பை, பைக்குள் ஒரு வட்ட உலோகத் தகடு. தகட்டில் இரண்டு நிலையங்களின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. நிலையத்தில் நிற்பவர் அதைக் கையில் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டே, மறு கையால் அடுத்த துண்டுக்கான வளையத்தைக் கொடுக்கிறார். இந்தத் தகடு கையில் இல்லாமல் ஒற்றைப் பாதைக்குள் எந்த வண்டியும் நுழையக் கூடாது. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பூட்டப்பட்டவை. ஒரு தகடு வெளியே இருக்கும்போது இன்னொன்று எந்தப் பக்கத்துப் பெட்டியிலிருந்தும் வராது. ஆகவே இரண்டு வண்டி எதிரெதிரே வரவே முடியாது. நூறு வருடத்துக்கும் மேல் பழைய முறை, ஆனால் அதன் தருக்கம் அப்பழுக்கில்லாதது. வேகப் பாதையில் இதே வாக்குறுதியைக் கம்பியில்லா முறையில் சாரதியின் திரைக்கு அனுப்புகிறார்கள். மணிக்கு 250இல் பாதையோர விளக்கைப் பார்த்து நிறுத்தலாம் என்றால் காலம் போதாது, வண்டி நிற்கவே சில கிலோமீற்றர் ஆகும்.

பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் பாதையின் உச்சி, ஏறத்தாழ 1,898 மீற்றர். அங்குள்ள சுரங்கத்தின் ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் வெயிலும் இருக்கும் என்பார்கள். இன்று இரு பக்கமும் மூடுபனிதான்.

வேகப் பாதை இந்த உச்சிக்கு ஏறாது. கொத்தார்ட்டில் 1882ஆம் ஆண்டுச் சுரங்கம் 15 கிலோமீற்றர், கடல் மட்டத்திலிருந்து 1,151 மீற்றர் உயரத்தில். 2016இல் திறந்த அடிச் சுரங்கம் 57 கிலோமீற்றர், உச்சியே 550 மீற்றர்தான். மலை ஏறுவதை விட்டு மலையின் அடியையே துளைத்தார்கள். தலைக்குமேல் 2,300 மீற்றர் பாறை வரை நின்றது. பாறையின் சூடு 46 பாகை செல்சியஸ் வரை போனது, குளிர்விக்காமல் ஆள் நின்று வேலை செய்ய முடியாது. நசுங்கும் பாறை வந்த பகுதியில் இறுக்கமாகச் சட்டம் போட்டால் சட்டம் முறியும் என்பதால், வேண்டியதைவிடப் பெரிதாகத் தோண்டி, ஒன்றுக்குள் ஒன்று வழுகும் இரும்பு வளையங்களைப் போட்டு, மலை நெருக்கி முடிக்கும்வரை விட்டுக்கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கமாக ஓடும் இரண்டு சுரங்கக் குழாய்களுக்கும் நடுவே 325 மீற்றருக்கு ஒரு குறுக்கு வழி. ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குள் ஓடுவதற்கு.

சுரங்கத்தில் வேகம் இன்னொரு தொல்லையும் தரும். வண்டி வாய்க்குள் பாயும்போது முன்னாலிருக்கும் காற்று ஒதுங்க இடமில்லாமல் அழுத்த அலையாகி, ஒலியின் வேகத்தில் மறு வாய்க்கு ஓடி, வெடிபோல் வெளியே கேட்கும். ஜப்பானில் சான்யோ பாதையில் 1970களில் இதைக் கண்டார்கள். வேகத்தின் மும்மடிக்கு இது ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் வெடி எட்டு மடங்கு. வாய்க்கு முன்னே பக்கத்தில் துவாரம் விட்ட கொங்கிறீற்றுக் கூண்டு கட்டுவது ஒரு வழி. வண்டியின் மூக்கை நீட்டுவது இன்னொன்று. 1997இல் வந்த 500 வரிசை வண்டிக்கு மூக்கு மட்டும் 15 மீற்றர். சுரங்க வாய்க்குப் பக்கத்திலேயே லயன்கள் இருக்கும் நம் மலையகத்தில் இந்தக் கூண்டைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது.

ஐந்தாம் நாள்: பண்டாரவளை – எல்ல – தெமோதரை – பதுளை

பண்டாரவளையில் இறங்கியதற்குக் காரணம் ரயில் பாதை இல்லை. இந்த மலைக்குள் ஏற்கெனவே ஒரு நீளச் சுரங்கம் ஓடுகிறது. உமா ஓயாத் திட்டத்துக்காக டயரபாவிலிருந்து கரந்தகொல்லைப் பக்கம் நீர் கொண்டுபோகும் சுமார் 15 கிலோமீற்றர் சுரங்கம். இயந்திரத்தால் துளைத்தது. 2014 டிசம்பரில் உடைந்த பாறைப் பகுதியொன்றைத் தொட்டபோது நிலத்தடி நீர் பீறிட்டு உள்ளே வந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது, பயிர்கள் போயின. திட்டம் ஒருவழியாக 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது, 120 மெகாவற்.

வீடு ஏன் வெடிக்கிறது? சுரங்கம் ஒரு பெரிய வடிகால் மாதிரி. பாறையின் பிளவுகள் வழியே மேலே உள்ள மண்ணின் நீரையும் இழுத்துவிடும். வட்டவளையில் நீரை இறக்கியது நன்மை, ஏனென்றால் அது சரியும் மண்ணின் நீர். இங்கே இறங்கியது மக்கள் குடிக்கும் நீர், வீட்டின் அத்திவாரத்துக்குக் கீழே மண்ணைத் தாங்கிய நீர். நீர் போனால் மண் ஒடுங்கும். சமமாக ஒடுங்காது, ஆகவே சுவர் கிழியும்.

இது இந்த நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. நோர்வேயில் ஒஸ்லோ விமான நிலையப் பாதையின் 14.6 கிலோமீற்றர் சுரங்கம் மேலிருந்த ஏரி, குளங்களின் நீரை இறக்கியது. மற்றப் பாதை 1998இல் ஓடத் தொடங்க, சுரங்கம் 1999இல்தான் திறந்தது. சுவீடனில் 8.7 கிலோமீற்றர் ஹலண்டஸ் சுரங்கம் 1992இல் தொடங்கி 2015இல்தான் முடிந்தது. நடுவில் 1997இல் ஒழுக்கை அடைக்க ஏற்றிய இரசாயனம் ஓடைக்குள் கசிந்து மீன்கள் செத்தன, மாடுகள் முடங்கின. இரண்டாம் நாள் சொன்ன பொலோனியா–புளோரன்ஸ் பாதையின் மேலே ஊற்றுகளும் ஓடைகளும் வற்றின.

தடுக்கும் வழி தெரிந்ததுதான். முகத்திலிருந்து 20, 30 மீற்றர் முன்னால் ஆய்வுத் துளை போட்டு, அதிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்று அளக்க வேண்டும். முன்கூட்டியே வகுத்த எல்லைக்கு மேலே போனால் தோண்டுவதை நிறுத்தி, சுற்றிலும் விசிறிபோல் துளையிட்டு, சீமெந்துப் பாலை அழுத்தத்தில் ஏற்ற வேண்டும். சீமெந்து போகாத நுண் பிளவுக்கு நுண்சீமெந்து. மீண்டும் துளையிட்டு அளந்து, குறைந்திருந்தால் மட்டும் முன்னே போகலாம். இந்த வேலையில் நாளுக்கு ஒரு மீற்றர்கூட நகராமல் வாரக் கணக்கில் நிற்க நேரும். ஒப்பந்தத்தில் மீற்றருக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் நிற்க மாட்டார்கள். முன்னே ஓடிவிட்டுப் பின்னால் அடைக்கலாம் என்பார்கள். ஓடும் நீரில் சீமெந்து நிற்காது, கழுவிக்கொண்டு போகும். அதனால் அடைப்பு வேலைக்கு மணித்தியாலக் கணக்கிலும் சீமெந்து மூட்டைக் கணக்கிலும் தனிக் கூலி எழுத வேண்டும். எங்கள் மனதில் இந்தப் பயணம் முழுவதற்கும் மிக முக்கியமான வரி இதுதான்.

நீரை முழுசாக அடைத்தாலும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அதை உள்சுவருக்குப் பின்னே குழாயில் எடுத்துப் போவார்கள். மலைநாட்டில் பளிங்குக்கல் படைகள் உண்டு. அந்தச் சுண்ணாம்பும் தெளிப்புக் கொங்கிறீற்றின் சுண்ணாம்பும் நீரில் கரைந்து வந்து, குழாயில் காற்றுப் பட்டதும் வெள்ளைக் கல்லாகப் படியும். கேத்தலின் அடியில் படியும் அதே பொருள். குழாய் அடைபட்டால் சுவருக்குப் பின்னே நீர் அழுத்தம் ஏறிக் கொங்கிறீற்றைப் பிளக்கும். ஆகவே குறித்த தூரத்துக்கு ஒரு திறப்பு வைத்து, உயர் அழுத்த நீரால் ஒழுங்காகக் கழுவ வேண்டும். சுரங்கம் இருக்கும்வரை இந்த வேலை முடியாது.

மத்தியானம் எல்ல. ஒன்பது வளைவுப் பாலம் 91 மீற்றர் நீளம், சுமார் 24 மீற்றர் உயரம். 1921இல் முடிந்தது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், உருக்கு இல்லை. கூட்டம் தண்டவாளத்தின்மேல் நின்று படம் எடுக்கிறது, அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்துக்கே கீழே சுரங்கத்தில் நுழைகிறது. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிய கங்காணியைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று தோட்டங்களில் தலைமுறையாகச் சொல்வார்கள். 100 மீற்றர் ஆரத்தில் ஒரு முழு வட்டம் 628 மீற்றர். அதனால்தான் இந்தச் சின்ன மலைமுகட்டில் அது அடங்கியது. 3,500 மீற்றர் ஆரத்தில் ஒரு முழு வட்டம் 22 கிலோமீற்றர்.

மாலையில் பதுளை. பாதை முடியும் இடம்.

ஆறாம் நாள்: கொழும்பு

இரவு வண்டியில் திரும்பினோம். எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம்: பதுளைவரை 250 என்பது இந்த மலைக்குத் தேவையில்லை. 1,676 மில்லிமீற்றரில் மணிக்கு 160 என்றால் சுமார் 1,600 மீற்றர் ஆரம் போதும். ரம்புக்கனைக்கும் பேராதனைக்கும் இடையில் அப்படியொரு புதிய துண்டு, நடுவே அடிச் சுரங்கம், மின்கம்பி. அதைத்தான் முதலில் ஆராய வேண்டும். நாவலப்பிட்டிக்கு மேலே பழைய பாதையை வைத்துக்கொண்டு, பணத்தை வடிகாலிலும் சரிவுகளிலும் போட வேண்டும்.

அந்த ஆய்வின் முதல் வருட வேலை கொழும்பிலேயே தொடங்கும். நாரஹேன்பிட்டி நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம், பிட்டகோட்டே புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் பாறை வரைபடம், ஜாவத்தை வீதியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பளிங்குக்கல் படையும் பழைய சரிவும் இல்லாத ஓர் இடைகழியை, அதாவது புதிய பாதை போகக்கூடிய நிலப்பட்டையை, தேட வேண்டும். பிறகுதான் துளை. ஒவ்வொரு சுரங்க வாய்க்கும் குறைந்தது மூன்று, ஆழத்துக்கு ஒவ்வொரு பெரிய பிளவையும் வெட்டிப் போகும்படி ஒன்று. துளைக்குள் நீரை அழுத்தி ஏற்றி, பாறை எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 10 பார் அழுத்தத்தில் ஒரு மீற்றர் துளை நிமிடத்துக்கு ஒரு லீற்றர் குடித்தால் அது ஒரு லூஜோன், பாறை நீரை விடும் அளவின் அலகு.

கூடவே, இடைகழியின் இரு பக்கத்திலும் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றுக்கும் இலக்கம் போட்டு, நீர்மட்டத்தை நாடாவால் மாதம் இரண்டு தடவை அளந்து, வீட்டுச் சுவரில் இப்போதே உள்ள வெடிப்புகளைத் திகதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரரின் கையெழுத்துடன் ஒரு பிரதியை அவரிடமே கொடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவம் இரண்டு, வடகீழ்ப் பருவம் இரண்டு முடியும்வரை. எங்கள் பையில் உள்ள வரைபடத்தில் ரம்புக்கனையிலிருந்து பலன வரை அந்தக் கிணறுகளுக்கான முதல் கட்டங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறோம்.